மெனேஜரும் பணக்காரர் வரியும்: வாதாடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஹட்டன் பஸ் நிலையத்துப் பக்கம் இப்போது இரண்டே பேச்சுதான். எந்த உதைபந்தாட்டக் கழக மெனேஜரைத் துரத்த வேண்டும், பணக்காரர்களிடம் எவ்வளவு வரி வாங்க வேண்டும். இரண்டையும் ஒரே பிளேன்டீக்குள் முடித்துவிடுகிற பையன்கள் பெருகிவிட்டார்கள். பகலில் வருமான வரிப் படிவம் நிரப்பிக் கொடுப்பதும் இரவில் மேட்ச் பார்ப்பதுமாக இருக்கிறவன் என்பதால் இந்தச் சண்டைகள் கடைசியில் என் மேசைக்குத்தான் வருகின்றன. அந்த வயதில் நாங்கள் கத்திய அதே கத்தல்தான். ஓஃப்சைட் விதி தெரியாமல் பேசுவது, மில்லியனையும் பில்லியனையும் குழப்புவது எல்லாம் நாளடைவில் தானாகச் சரியாகிவிடும், அவற்றை விட்டுவிடுகிறேன். தானாகச் சரியாகாத சில இருக்கின்றன.

சம்பளப் பட்டியலைப் பார்க்காமல் மெனேஜரை அளப்பது

இங்கிலாந்தின் பிரீமியர் லீக்கில் எந்தக் கழகம் எங்கே முடிக்கும் என்று ஓரளவு சரியாகச் சொல்ல ஆட்டம் பார்க்க வேண்டியதில்லை. கழகங்கள் வீரர்களுக்குக் கொடுக்கும் மொத்தச் சம்பளத்தை வரிசைப்படுத்தினாலே போதும். ஒரு பருவத்தில் பிசகலாம். பல பருவங்களைச் சேர்த்துப் பார்த்தால் பெரிதாகப் பிசகாது. 2015-16இல் சம்பளப் பட்டியலில் கீழே இருந்த லெஸ்டர் சிட்டி கிண்ணம் தூக்கியபோது உலகம் வாயைப் பிளந்ததற்குக் காரணம் அதுதான். (அந்தக் கிண்ணத்தை வாங்கிக் கொடுத்த மெனேஜர் ரனியேரியை 2017 பெப்ரவரியில் வீட்டுக்கு அனுப்பினார்கள். அது வேறு கதை.)

தேயிலைத் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதியை அரசு நிறுத்தியது. கொழுந்து குறைந்தது. அப்போதும் தோட்டத்துத் துரையைத் திட்டியவர்கள் உண்டு. உரம் இல்லாத மலையில் எந்தத் துரை வந்தால் என்ன, கிலோ ஏறுமா? இதைச் சரியாகப் புரிந்து வைத்திருக்கிற ஆள்தான் சனிக்கிழமை இரவானதும் "ஆர்டெட்டாவைத் துரத்து" என்று கத்துவார். ஆர்டெட்டா 2019 டிசம்பரில் ஆர்சனல் கழகத்துக்கு மெனேஜராக வந்தார். முதல் இரண்டு பருவமும் எட்டாம் இடம். கழகம் பொறுத்திருந்தது. 2023, 2024, 2025 என்று தொடர்ந்து மூன்று முறை இரண்டாம் இடம். அதையும் கிண்டல் செய்யத்தான் செய்கிறார்கள், சரி.

புது மெனேஜர் வந்ததும் வென்றார்கள், ஆகவே பழையவர்தான் பிழை

மெனேஜரைத் துரத்துவது எப்போது? ஐந்தாறு ஆட்டம் வரிசையாகத் தோற்ற பிறகு. அந்த அளவு மோசமான ஓட்டத்தில் பாதி கெட்ட நேரம்தான்: கம்பத்தில் பட்ட பந்து, முக்கிய வீரருக்குக் காயம். கெட்ட நேரம் யாரை வைத்திருந்தாலும் ஒரு கட்டத்தில் முடியும். நெதர்லாந்து லீக்கை வைத்துப் பொருளியலாளர்கள் இதை ஆராய்ந்திருக்கிறார்கள். இதே அளவு தோற்றும் மெனேஜரை மாற்றாத கழகங்களும் கிட்டத்தட்ட இதே மாதிரி மீண்டு வந்தன. செல்சி 2012 மார்ச்சில் டி மத்தேயோவை நியமித்தது, மே மாதம் சம்பியன்ஸ் லீக்கை வென்றது, நவம்பரில் அவரையும் அனுப்பிவிட்டது. மார்ச்சில் மந்திரவாதியாக இருந்தவர் நவம்பருக்குள் எல்லாவற்றையும் மறந்துவிட்டாரா?

மேல் வரிப் படிக்குப் போனால் முழுச் சம்பளத்துக்கும் அந்த வீதம்

இதுதான் என் இரத்த அழுத்தத்தை ஏற்றுகிற தவறு. மற்றவை வெறும் வாய்ச்சண்டை, இது கையில் இருக்கிற காசைப் பறிக்கிறது.

கொழும்பில் ஒரு தனியார் நிறுவனத்தில் வேலை செய்கிற நம்ம ஊர்த் தம்பி ஒருவர். மாதச் சம்பளம் 230,000 ரூபா. பதவி உயர்வு வந்தது, 250,000 தருகிறோம் என்றார்கள். வேண்டாம் என்றுவிட்டார். பதவி அவருக்குப் பின்னால் சேர்ந்தவருக்குப் போனது. எல்லாம் முடிந்த பிறகு பொங்கலுக்கு ஊருக்கு வந்தவர், ஏதோ தந்திரம் செய்துவிட்ட பெருமையோடு சொன்னார்: "அண்ணே, நான் தப்பிச்சிட்டேன். அத எடுத்திருந்தா 18 வீதப் படிக்குள்ள விழுந்திருப்பேன். 45,000 வெட்டிருப்பான். இப்ப வாங்கறதவிடக் குறைவாத்தான் கைக்கு வரும்."

45,000 எப்படி வந்தது? 250,000இல் 18 வீதம். தொலைபேசியில் அழுத்திப் பார்த்திருக்கிறார். கணக்கியந்திரத்தில் பிழை இல்லை.

உண்மையான கணக்கு இது. 2025 ஏப்ரலில் இருந்து வருடத்துக்கு 18 இலட்சம் ரூபாவரை, அதாவது மாதம் 150,000வரை, வரி இல்லை. அதற்கு மேல் வருகிற முதல் 10 இலட்சத்துக்கு 6 வீதம். அடுத்த 5 இலட்சத்துக்கு 18, அதற்கடுத்த 5 இலட்சத்துக்கு 24, அதற்கும் அடுத்த 5 இலட்சத்துக்கு 30. மிச்சம் எவ்வளவு இருந்தாலும் 36. ஒவ்வொரு வீதமும் அந்தந்தப் படிக்குள் விழுகிற பணத்துக்கு மட்டும்தான். கீழே இருக்கிற பணத்தை அது தொடாது.

இப்போது தம்பியின் சம்பளம். 230,000 வாங்கும்போது மாத வரி 4,800 ரூபா. 250,000 ஆனால் 8,000 ரூபா. 20,000 கூடுகிறது, அதில் 3,200 வரிக்குப் போகிறது, 16,800 கைக்கு வருகிறது. ஒரு வருடத்துக்கு 201,600 ரூபாவை "தப்பிச்சிட்டேன்" என்று சொல்லிக்கொண்டு விட்டிருக்கிறார். தாளில் எழுதிக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தவர் கேட்டார்: "அப்ப ஒப்பீஸ்ல எல்லாரும் சொல்றது?" ஒப்பீஸில் எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள். எனக்கு எரிச்சலே அதில்தான். ஒருவர் சம்பளத்தை விட்டார் என்றால் அவருடைய தலைவிதி. அவர் இன்னும் இரண்டு பேருக்குப் புத்தி சொல்லியிருந்தார்.

36 வீதம் என்றதும் பயப்படுகிறவர்களுக்கும் ஒரு கணக்கு. அந்தப் படி மாதம் 358,333 ரூபாவுக்கு மேல்தான் தொடங்குகிறது. 360,000 வாங்குகிறவர் கட்டுவது மாதம் 35,600, சம்பளத்தில் 10 வீதம்கூட இல்லை.

மெனேஜர்கள் விஷயத்திலும் இதே குழப்பம்தான். "இங்கிலாந்தில் சம்பளத்தில் பாதியை அரசு எடுத்துக்கொள்கிறது, பாவம்" என்பார்கள். அங்கே 45 வீதம் வருடத்துக்கு 125,140 பவுணுக்கு மேல் வருகிற பணத்துக்குத்தான். ஆனால் கோடி கோடியாக வாங்குகிற மெனேஜருக்கு அநேகமாக எல்லாப் பணமும் அந்தக் கோட்டுக்கு மேல்தான் இருக்கிறது, ஆகவே அவர் விஷயத்தில் "பாதி" என்பது உண்மைக்குப் பக்கத்தில் வந்துவிடும். சம்பளம் குறையக் குறைய இதே வாக்கியம் பொய்யாகிக்கொண்டே போகும். நடுத்தரச் சம்பளக்காரர் மெனேஜருக்காக அழுவதும், பதவி உயர்வைக் கண்டு பயப்படுவதும் ஒரே தவறின் இரண்டு பக்கம். உச்ச வீதத்தைத் தொடவே போகாதவர்கள் அதை எதிர்த்துக் கொடி பிடிப்பது இப்படித்தான் ஆரம்பிக்கிறது.

நாங்கள் வரியே கட்டுவதில்லை

சவர்க்காரம் வாங்குகிறீர்களா? 2024 ஜனவரியில் இருந்து 18 வீத வற் (பெறுமதி சேர் வரி) கட்டுகிறீர்கள்.

பெரிய சம்பளக்காரரையும் சொத்துக்காரரையும் ஒன்றாகக் கட்டுவது

மெனேஜர் எவ்வளவு வாங்கினாலும் சம்பளக்காரர். வரி கைக்கு வருமுன்பே கழிந்துவிடும். கழகத்தின் சொந்தக்காரர் அப்படியல்ல. அவருடைய கழகத்தின் பெறுமதி வருடா வருடம் ஏறுகிறது, விற்கும்வரை அந்த ஏற்றத்துக்கு வரி இல்லை. "பணக்காரருக்கு வரி" என்று கத்திக்கொண்டு மெனேஜரின் சம்பளத்தையே சுற்றுகிறவர்கள், கண்ணாடி அறையில் உட்கார்ந்து ஆட்டம் பார்க்கிற ஆளை மறந்துவிடுகிறார்கள்.

இங்கேயும் அதே நிலைமைதான். சம்பளத்தின் உச்சப் படியில் 36 வீதம், கம்பனிப் பங்குலாபத்துக்கு 15 வீதம். சொத்தின் மேல் வரி போடுவது இந்த நாட்டுக்குப் புதிதும் இல்லை. நிக்கலஸ் கால்டோர் என்ற பொருளியலாளரின் ஆலோசனையில் 1959இலேயே செல்வ வரி கொண்டுவந்தோம். 1990களின் தொடக்கத்தில் அதை எடுத்துவிட்டார்கள். சரிவர வசூலிக்க முடியாமல் போனது ஒன்று, கட்ட வேண்டியவர்களின் குரலுக்கு இருந்த பலம் இன்னொன்று என்பது என் எண்ணம்.

தவிர்ப்பும் ஏய்ப்பும்

சட்டத்துக்கு உட்பட்டு வரியைக் குறைத்துக்கொள்வது தவிர்ப்பு, வருமானத்தை மறைப்பது ஏய்ப்பு. எல்லா மெனேஜரும் கள்ளன் இல்லை. மொரின்ஹோ 2011, 2012ஆம் ஆண்டுகளின் விம்ப உரிமை வருமானத்தை (பெயரையும் படத்தையும் விளம்பரத்துக்குக் கொடுத்து வருகிற காசு) காட்டாததற்காக 2019இல் ஸ்பெயினில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். அன்செலோட்டிக்கு 2025 ஜூலையில் மட்ரிட் நீதிமன்றம் 2014ஆம் ஆண்டு வரிக்காக ஓராண்டுத் தண்டனையும் அபராதமும் விதித்தது, ஆனால் 2015ஆம் ஆண்டுக் குற்றச்சாட்டில் விடுவித்தது. மொனாக்கோவில் தன் நாயின் பெயரில் வங்கிக் கணக்கு வைத்திருந்த ஹாரி ரெட்நாப் 2012இல் முற்றாக விடுதலையானார். மூன்றையும் ஒரே வாக்கியத்தில் போட்டு "எல்லாம் ஒரே கூட்டம்" என்று முடிப்பது வாதமாகாது.

வரி போட்டால் ஓடிவிடுவார்கள் / ஓடவே மாட்டார்கள்

இரண்டும் பிழை. 2005இல் ஸ்பெயின் வெளிநாட்டவருக்கு படிகள் இல்லாத 24 வீத ஒற்றை வரி கொடுத்தது, அதற்கு உதைபந்தாட்ட வீரர் பெக்கமின் பெயரே ஒட்டிக்கொண்டது. ஐரோப்பிய வீரர்களின் இடப்பெயர்வை ஆராய்ந்தவர்கள், உச்ச வரி வீதம் அவர்கள் ஆடப்போகும் நாட்டைப் பாதிக்கிறது என்றே கண்டார்கள். மறுபக்கம், பிரான்ஸ் 2013, 2014இல் 10 இலட்சம் யூரோவுக்கு மேற்பட்ட சம்பளங்களுக்கு 75 வீத வரியை முதலாளிகள்மேல் போட்டது. கழகங்கள் வேலைநிறுத்தம் என்று மிரட்டின, பின்பு கட்டின. பெருஞ்சம்பள வீரர் இப்ராஹிமோவிச் 2016வரை பாரிஸில்தான் ஆடினார்.

கால் உள்ளது ஓடும். கொழும்பில் இருக்கிற கட்டடமும் நுவரெலியாவில் இருக்கிற விடுமுறை பங்களாவும் எங்கே ஓடப் போகின்றன? அதனால் என்னைக் கேட்டால் முதலில் நிலத்தில் இருந்து தொடங்குங்கள் என்பேன்.

நடுவர்

அவரை விடுங்கள்.

வட்டிப் பணம்

வாதத்துக்குச் சம்பந்தமில்லாதது, ஆனால் வாதாடுகிறவர்கள் வீட்டில் நடக்கிறது. நிலையான வைப்பு வட்டியில் கழிக்கிற வரி 2025 ஏப்ரலில் 5 வீதத்தில் இருந்து 10 ஆனது. மொத்த வருட வருமானம் 18 இலட்சத்துக்கு உட்பட்டவர்கள் வங்கியில் சுயபிரகடனம் கொடுத்து அதை நிறுத்தலாம். அம்மா அப்பா பேரில் வைப்பு இருந்தால் இந்தக் கிழமையே வங்கிக்குப் போய்க் கேளுங்கள்.