ஓப்பன்சிவியில் கூடுதல் மாட்யூல் சேர்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்கள் குழுவுக்குப் புதிதாக வந்த இருவர், ஆண்ட்ராய்டு செயலியில், ஓப்பன்சிவி என்ற படச் செயலாக்க நூலகத்தின் முகத்தை அடையாளம் காணும் மாட்யூலைச் சேர்க்கப் போராடிக்கொண்டிருந்தார்கள். எட்டிப் பார்த்தேன், சில ஆண்டுகளுக்கு முன் நான் செய்த அதே தவறு. கேமரா அனுமதி கேட்க மறப்பது போன்றவற்றை இங்கே எழுதப்போவதில்லை. அவை முதல் ஓட்டத்திலேயே தெரிந்துவிடும்.

தேவையில்லாமல் சேர்ப்பது

கூடுதல் மாட்யூல்கள் அடங்கிய கான்ட்ரிப் தொகுப்பைத் தொடும் முன், தேடுவது மூலத் தொகுப்பிலேயே இருக்கிறதா என்று பாருங்கள். படத்தின் தனித்த புள்ளிகளைக் கண்டறியும் சிஃப்ட் 4.4 பதிப்பிலேயே அங்கே வந்துவிட்டது. ஆரூகோ என்னும் கறுப்பு வெள்ளைச் சதுரக் குறிகளைக் கண்டறியும் வசதி 4.7இல் வந்தது. பழைய பாடங்கள் இதைச் சொல்லாது.

ஜாவா ஓரிடம், எஸ்ஓ கோப்பு வேறிடம்

ஓப்பன்சிவியின் அதிகாரபூர்வ ஆண்ட்ராய்டு தொகுப்பில் கான்ட்ரிப் மாட்யூல்கள் கிடையாது. எனக்கு ‘ஃபேஸ்’ மாட்யூல் வேண்டியிருந்தது. அதன் ஜாவா கோப்புகளை மட்டும் வேறொரு திட்டத்திலிருந்து எடுத்து ஒட்டினேன். சிவப்புக் கோடுகள் மறைந்தன, பில்ட் முடிந்தது, நூலகம் ஏறிவிட்டது என்று லாகிலும் வந்தது. வாடிக்கையாளர் முன்னால் ‘பதிவு செய்’ பொத்தானை அழுத்தியதும் செயலி மூடிக்கொண்டது. லாகில் ‘அன்சாட்டிஸ்ஃபைட் லிங்க் எரர்’.

அந்த ஜாவா கோப்புகள் வெறும் உறை. ‘நேட்டிவ்’ என்று அறிவித்த ஒவ்வொரு செயற்கூறுக்கும் உரிய நிரல், சி++ நிரலிலிருந்து பில்ட் செய்த நூலகமான எஸ்ஓ கோப்பில்தான் இருக்க வேண்டும். கம்பைலர் அதைச் சரிபார்ப்பதில்லை; முதன்முறை அழைக்கும்போதுதான் ஆண்ட்ராய்டு அதைத் தேடுகிறது. இது தெரியாமல் மூன்று நாள் என் ஜாவா நிரலையே புரட்டிக்கொண்டிருந்தேன்.

பிறகு கான்ட்ரிப்பையும் சேர்த்து நானே பில்ட் செய்தேன். அங்கும் 64 பிட் கோப்புறையை மட்டும் மாற்றினேன். என் கைப்பேசியில் ஓடியது. 32 பிட் கைப்பேசிகளுக்குப் பழைய எஸ்ஓ கோப்பே போனதால், அங்கே அதே முறிவு. இன்றும் நினைத்தால் எரிச்சல் வருகிறது, ஏனென்றால் சோதிக்க ஒரு நிமிடம் போதும்: கோர் வகுப்பின் ‘கெட்பில்ட்இன்ஃபர்மேஷன்’ தரும் உரையை லாகில் அச்சிட்டு, மாட்யூல் பட்டியலில் ‘ஃபேஸ்’ இருக்கிறதா என்று பாருங்கள். 64 பிட், 32 பிட் இரண்டிலும் பாருங்கள். ஜாவா கோப்புகளும் எஸ்ஓ கோப்புகளும் ஒரே பில்டிலிருந்து வரட்டும்.

பொருந்தாத பதிப்பு எண்

மூலம் 4.8.0 என்றால் கான்ட்ரிப்பும் 4.8.0.

மேட் பொருளை விடுவிக்காமல் விடுவது

ஓப்பன்சிவி ஒரு படத்தை வைத்திருக்கும் பொருள்தான் மேட். படத்தின் நினைவகம் ஜாவாவுக்கு வெளியே இருக்கிறது. பயன்படாத பொருள்களை நீக்கும் ஜாவாவின் குப்பை அகற்றியின் கண்ணுக்கு மேட் ஒரு சிறு பொருள். அகற்ற அதற்கு அவசரமில்லை. ஒவ்வொரு ஃபிரேமுக்கும் புதிய மேட் உருவாக்கினால், சில நிமிடங்களில் செயலியை ஆண்ட்ராய்டே நிறுத்திவிடும். ஒரே மேட்டைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்துங்கள். வேலை முடிந்ததும் ‘ரிலீஸ்’ அழையுங்கள்.

நிறவரிசை

கோப்பிலிருந்து படித்த படத்தில் நீலம் முதலில் வரும். ஆண்ட்ராய்டு பிட்மேப்பிலிருந்து மாற்றியதில் சிவப்பு முதலில் வரும். மாட்யூல் எதிர்பார்க்கும் வரிசைக்கு மாற்றிவிட்டே அதற்குக் கொடுங்கள்.