கவசமிட்ட கம்பியில்லாக் கருவிக்குக் காப்புரிமை கிடைக்குமா? ‘எளிதில் தோன்றக்கூடியது’ என்ற தடையை மதிப்பிடும் முறை

ஒரு கருவி புதியது என்பதனால் மட்டும் அதற்குக் காப்புரிமை கிடைத்துவிடாது. முன்பு இருந்தவற்றுக்கும் அந்தக் கருவிக்கும் உள்ள வேறுபாடு, அத்துறையில் சாதாரணத் திறன் பெற்ற ஒருவருக்கு எளிதில் தோன்றியிருக்குமானால், காப்புரிமை மறுக்கப்படும் என்று அமெரிக்கக் காப்புரிமைச் சட்டத்தின் 103-ஆம் பிரிவு 1952 முதல் கூறி வருகிறது. கைபேசி, வாக்கி-டாக்கி போன்ற கருவிகளில் ஆன்டெனாவுக்கும் பயனரின் தலைக்கும் நடுவே மின்காந்தக் கவசம் வைக்கும் வடிவமைப்புகள் பெரும்பாலும் இந்தத் தடையில்தான் சிக்குகின்றன. பயனர் மீது படும் ரேடியோ அலையைக் குறைக்கும் ஏற்பாடுகளுக்கென்றே காப்புரிமை அலுவலகங்கள் பயன்படுத்தும் கூட்டுக் காப்புரிமை வகைப்பாட்டில் (சிபிசி) தனி உட்பிரிவு இருக்கிறது என்பதிலிருந்தே, இந்தச் சிந்தனை எத்தனை பேருக்கு முன்பே வந்திருக்கிறது என்பதை அறியலாம். விண்ணப்பத்துக்குப் பணம் செலவிடுமுன் ஒரு பொறியாளர் தம் வடிவமைப்பைத் தாமே எவ்வாறு சோதித்துக்கொள்ளலாம் என்பதை, முதன்மையாக அமெரிக்கச் சட்டத்தை வைத்து இங்கே விளக்குகிறேன்.

உரிமைக்கோரலை முதலில் எழுதுக

மதிப்பிடப்படுவது உங்கள் மனத்தில் உள்ள கருவி அன்று. மேசைமேல் இருக்கும் மாதிரியும் அன்று. கிளெய்ம் என்று வழங்கப்படும் உரிமைக்கோரலின் சொற்களே மதிப்பிடப்படுகின்றன. ஆகவே, வரைவாக இருந்தாலும் ஒரு கோரலை எழுதி வைத்துக்கொள்ளாமல் அடுத்த படிக்குச் செல்வதில் பயனில்லை.

‘ஓர் உறை, அதனுள் ஓர் ஆன்டெனா, அந்த ஆன்டெனாவுக்கும் பயனரை நோக்கிய சுவருக்கும் நடுவே மின்கடத்தும் கவசம் ஆகியவற்றைக் கொண்ட கம்பியில்லாத் தொடர்புக் கருவி’ என்று எழுதினீர்கள் என்று கொள்வோம். அமெரிக்கக் காப்புரிமை அலுவலகத்தின் பரிசோதகர், கோரலில் உள்ள சொற்களுக்கு நியாயமாகப் பொருந்தக்கூடிய மிக விரிந்த பொருளையே எடுத்துக்கொள்வார். அப்போது ‘மின்கடத்தும் கவசம்’ என்பது மின்சுற்றுப் பலகையின் மேல் பொருத்தப்படும் தகர மூடியையும், பிளாஸ்டிக் உறையின் உட்புறம் பூசிய உலோகப் பூச்சையும், ஏன், இடத்தைப் பொறுத்து மின்கலத்தின் உலோக உறையையும்கூடக் குறிக்கக்கூடும். இவ்வளவு அகன்ற கோரல், எளிதில் தோன்றக்கூடியதா என்ற கேள்விக்கு வருமுன்பே, புதியதே அன்று என்று தள்ளப்பட வாய்ப்புண்டு. அந்த இரண்டு கேள்விகளையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்: ஒரே முன்னாவணத்தில் (உங்களுக்கு முன்பே வெளியான காப்புரிமை, கட்டுரை போன்றதில்) கோரலின் எல்லா உறுப்புகளும் இருந்தால் அது புதுமையின்மை, பல ஆவணங்களிலிருந்து உறுப்புகளைச் சேர்த்துப் பார்க்கும்போதுதான் இங்கே பேசும் கேள்வி எழுகிறது.

முன்னாவணங்களைத் தேடுதல்

கூகுள் பேட்டன்ட்ஸ், ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகத்தின் எஸ்பாஸ்நெட், அமெரிக்க அலுவலகத்தின் சொந்தத் தேடுபொறி ஆகிய மூன்றும் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. சொற்களை வைத்து மட்டும் தேடினால் பாதி ஆவணங்கள் தப்பிவிடும். ஏனெனில் ஒருவர் ‘கவசம்’ என்பதை மற்றொருவர் ‘பிரதிபலிப்பான்’ என்றும், வேறொருவர் ‘உறிஞ்சும் அடுக்கு’ என்றும் எழுதியிருப்பார். எனவே வகைப்பாட்டு எண்களைக் கொண்டு தேடுவது அவசியம். எச்04பி 1/3838 பயனர் மீது படும் கதிர்வீச்சைக் குறைக்கும் ஏற்பாடுகளுக்கும், எச்01கியூ 1/52 தொகுதி ஆன்டெனாக் கவசங்களுக்கும், எச்01கியூ 17 அலை உறிஞ்சும் பொருள்களுக்கும், எச்05கே 9 பொதுவான மின்காந்தக் கவசங்களுக்கும் உரியவை.

தேடும் எல்லையைக் கைபேசியோடு நிறுத்திக்கொள்ளவும் கூடாது. ஓர் ஆவணம் உங்கள் துறையைச் சேர்ந்ததாக இருந்தாலோ, துறை வேறானாலும் நீங்கள் தீர்க்க முயன்ற சிக்கலோடு நியாயமான தொடர்பு கொண்டிருந்தாலோ, பரிசோதகர் அதை உங்களுக்கு எதிராக எடுத்துக்காட்டலாம். உலோகப் பரப்பின் மேல் ஒட்டும் ஆர்எஃப்ஐடி (ரேடியோ அலையால் அடையாளம் காட்டும்) அட்டைகளிலும், மின்கலத்துக்கு அருகே அமைக்கப்படும் 13.56 மெகாஹெர்ட்ஸ் என்எஃப்சி (மிக அருகிலான தொடர்புக்கான) சுருள்களிலும், ஆன்டெனாவுக்கும் உலோகத்துக்கும் நடுவே ஃபெரைட் என்ற காந்தப் பொருளாலான தாள் வைப்பது வழக்கமான தீர்வு. ‘உலோகம் அருகிலிருந்தும் ஆன்டெனா இயங்க வேண்டும்’ என்பதே உங்கள் சிக்கல் என்றால், அந்த ஆவணங்கள் உங்களுக்கும் பொருந்தும்.

விண்ணப்பம் 2013 மார்ச் 16 அன்றோ அதற்குப் பின்போ செய்யப்பட்டது என்றால், கணக்கில் கொள்ள வேண்டிய நாள் விண்ணப்பத்தின் செயலுறு நாளே, அதாவது சட்டப்படி அது தாக்கலானதாகக் கொள்ளப்படும் நாளே. நீங்கள் கண்டுபிடித்த நாள் அன்று. நீங்களே வெளியிட்ட கட்டுரைக்கும் கண்காட்சிக்கும் அமெரிக்காவில் ஓராண்டு சலுகை உண்டு. பல நாடுகளில் அத்தகைய பொதுச் சலுகை இல்லை என்பதால், வெளியிடுமுன் விண்ணப்பிப்பதே பாதுகாப்பு.

யாருடைய கண்ணால் பார்ப்பது

1966-இல் கிரகாம் எதிர் ஜான் டீர் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், முன்னாவணங்களின் பரப்பும் உள்ளடக்கமும் என்ன, அவற்றுக்கும் கோரலுக்கும் வேறுபாடு என்ன, அத்துறையில் சாதாரணத் திறனின் அளவு என்ன என்ற மூன்று உண்மைகளை முதலில் உறுதிசெய்யச் சொன்னது. மூன்றாவதைப் பலர் ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள். நம் எடுத்துக்காட்டில் அந்தச் சாதாரணத் திறனாளர், ஆன்டெனாத் துறையில் பட்டமும் சில ஆண்டு அனுபவமும் உள்ள பொறியாளராக இருப்பார். 1 ஜிகாஹெர்ட்ஸ் அலை செம்பினுள் ஏறத்தாழ 2 மைக்ரோமீட்டர் ஆழத்திலேயே வலுவிழந்துவிடும் என்பதும், அதனால் மெல்லிய படலமே கவசமாகப் போதும் என்பதும் அவருக்குத் தெரியும். தலை உறிஞ்சும் ஆற்றலுக்கு அமெரிக்கா வைத்துள்ள வரம்பு, 1 கிராம் திசுவில் சராசரியாகக் கிலோவுக்கு 1.6 வாட் என்பதும் தெரியும். வடிவங்களைக் கணினியில் பாவனை செய்து பார்ப்பது அவருடைய அன்றாட வேலை. 2007-இல் கேஎஸ்ஆர் எதிர் டெலிஃப்ளெக்ஸ் தீர்ப்பு, அவரைச் சாதாரணப் படைப்பாற்றலும் உடையவராகவே கருத வேண்டும் என்றது. ஆவணங்களில் எழுத்தில் உள்ள குறிப்பைப் பின்பற்றுவதோடு அவர் நின்றுவிடுவதில்லை.

இணைக்கக் காரணம் உண்டா

மதிப்பீட்டின் உயிர்நாடி இங்கேதான் இருக்கிறது. உறுப்புகள் ஒவ்வொன்றும் எங்கோ ஓரிடத்தில் இருக்கின்றன என்று காட்டினால் மட்டும் போதாது. அவற்றை இப்படி இணைக்க அந்தப் பொறியாளருக்குக் காரணம் இருந்ததா, வெற்றி கிடைக்கும் என்று அவர் நியாயமாக எதிர்பார்த்திருப்பாரா என்பதையும் பரிசோதகர் விளக்கியாக வேண்டும். தெரிந்த உறுப்புகள் தெரிந்த வேலையையே செய்து, முன்கூட்டியே கணிக்கத்தக்க விளைவைத் தருமானால் கோரல் நிற்காது. ஒரு பொருளுக்குப் பதில் அதே வேலையைச் செய்யும் மற்றொரு பொருளை வைப்பதும் அப்படியே. கதவுக் கைப்பிடிக் குமிழை உலோகத்துக்கும் மரத்துக்கும் பதிலாகக் களிமண்ணில் செய்தது காப்புரிமைக்குப் போதாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 19-ஆம் நூற்றாண்டின் நடுவிலேயே கூறிவிட்டது. செம்புத் தகட்டை வெள்ளி பூசிய துணியாக மாற்றிவிட்டு, கவசம் மெலிதாயிற்று என்று மட்டும் சொல்பவருக்கும் அதே விடைதான் கிடைக்கும். இடைவெளி 2 முதல் 4 மில்லிமீட்டர் என்பது போன்ற எண் வரம்புகளும் தாமாகக் காப்பாற்றா. பொதுநிலை முன்பே தெரிந்திருக்கும்போது, சிறந்த அளவைச் சோதித்துக் கண்டறிவது வழக்கமான பணி என்றே கருதப்படும். அந்த வரம்புக்குள் எதிர்பாராத விளைவு ஒன்று தோன்றுகிறது என்று காட்ட முடிந்தால் நிலைமை மாறும்.

கவசக் கருவிகளில் கண்டுபிடிப்பாளருக்குச் சாதகமான இயற்பியல் உண்மை ஒன்று உண்டு. ஆன்டெனாவுக்கு மிக அருகே, அதற்கு இணையாக, உலோகத் தகடு வைத்தால் தகட்டில் எதிர்த்திசையில் ஓடும் மின்னோட்டம் கதிர்வீச்சைப் பெருமளவு அழித்துவிடும். தகடு நல்ல பிரதிபலிப்பானாகப் பயன்பட, கால் அலைநீளம் போன்ற இடைவெளி வேண்டும். 900 மெகாஹெர்ட்ஸில் அது சுமார் 8 சென்டிமீட்டர். கைபேசியினுள் கிடைப்பதோ சில மில்லிமீட்டர். தகட்டை அப்படியே வைத்தால் ஆன்டெனாவின் இசைவு குலையும், திறன் விழும், கோபுரத்தோடு தொடர்பைக் காப்பாற்றக் கருவி தன் ஆற்றலை உயர்த்தும்; பயனருக்குக் குறைக்க நினைத்த கதிர்வீச்சு கூடவும் கூடலாம். ‘இதை அறிந்த பொறியாளர் இந்த இணைப்பைத் தவிர்த்திருப்பார்’ என்று வாதிட இது இடம் தருகிறது. 1966-இல் கிரகாம் தீர்ப்பு வந்த அதே நாளில் ஆடம்ஸ் மின்கல வழக்கில் காப்புரிமை நிலைத்ததும் இத்தகைய காரணத்தால்தான்: உறுப்புகள் தெரிந்தவை, ஆனால் அவற்றை அவ்வாறு சேர்ப்பதிலிருந்து அன்றைய அறிவு வல்லுநர்களை விலக்கியது, விளைவோ எவரும் எதிர்பாராதது.

ஆனால் இந்த வாதம் நிற்பதும் விழுவதும், அந்தத் தடையைத் தாண்டிய வழி கோரலில் எழுதப்பட்டிருக்கிறதா என்பதைப் பொறுத்தது. கோரல் வெறும் ‘கவசம்’ என்று சொல்ல, வாதம் மட்டும் நுட்பமான அமைப்பைப் பற்றிப் பேசினால், இரண்டும் பொருந்தவில்லை என்று பரிசோதகர் சரியாகவே மறுப்பார். நான் வலியுறுத்த விரும்புவது இதைத்தான், ஏனெனில் நல்ல கண்டுபிடிப்புகள்கூட இங்கே வீணாகின்றன. தகட்டுக்குப் பதில் உயர்மின்னெதிர்ப்புப் பரப்பை (சாதாரண உலோகத் தகடு போல அலையைத் தலைகீழாகத் திருப்பாத, சிறு உலோக வடிவங்கள் அடுக்கிய பரப்பை) பயன்படுத்தினேன் என்று எழுதினாலும் போதாது. அத்தகைய பரப்புகள் 1999 முதலே ஆய்விதழ்களில் விளக்கப்பட்டுள்ளன, ஆன்டெனாவை உலோகத்துக்கு அருகே கொண்டுவருவதே அவற்றின் பயன்களில் ஒன்று. அதற்கும் அப்பால் உங்கள் வேறுபாடு என்ன? கவசத்தில் வெட்டிய பிளவு தரைத்தள மின்னோட்டத்தை (கருவியின் பொது உலோகத் தளத்தில் ஓடும் மின்னோட்டத்தை)க் காதிலிருந்து விலகிய விளிம்புக்குத் திருப்புகிறதா? அந்தப் பிளவின் இடமும் நீளமும் ஆன்டெனாவின் ஊட்டுப்புள்ளியோடு (ஆன்டெனாவுக்குள் மின்குறி நுழையும் இடத்தோடு) எவ்வாறு தொடர்புடையவை? அந்தத் தொடர்பே கோரலின் மையமாக வேண்டும்.

எதிர்வாதம் எழுதும்போது ஆவணங்களைத் தனித்தனியாகத் தாக்குவதால் பயனில்லை. பரிசோதகர் இணைப்பைத்தான் காட்டுகிறார். ஒரு மாற்றுவழி இருப்பதாக ஓர் ஆவணம் சொல்வதும், மற்ற வழிகளிலிருந்து அது விலக்குவதாக ஆகாது. மாறாக, முதன்மை ஆவணம் எல்லாத் திசைகளிலும் சமமாகக் கதிர்வீசும் ஆன்டெனாவையே நோக்கமாகக் கொண்டிருக்க, அதில் கவசம் சேர்த்தால் அந்த நோக்கமே கெடும் என்று காட்ட முடிந்தால், அது வலுவான மறுப்பு.

அளவீடுகளும் விற்பனையும்

தலை உறிஞ்சும் ஆற்றல் அளவையும் மொத்தக் கதிர்வீச்சு ஆற்றலையும் சேர்த்தே அளவிடுக. முதலாவது மட்டும் குறைந்திருந்தால், அலை எங்கும் செல்லாமல் கவசத்திலேயே வீணாயிற்று என்பதும் அதற்கு விளக்கமாகலாம். கவசமே இல்லாத கருவியோடு ஒப்பிடுவதும் போதாது. மிக நெருங்கிய முன்னாவணத்தில் உள்ள அமைப்போடு ஒப்பிட வேண்டும். விண்ணப்பம் பரிசீலனையில் இருக்கும்போது அந்த முடிவுகளை 132-ஆம் விதியின்கீழ் உறுதிமொழியாகச் சமர்ப்பிக்கலாம்.

வணிக வெற்றி, நெடுநாள் தீராத தேவை, பிறரின் தோல்வி ஆகியவையும் சான்றாகும். ஆனால் அவை கோரலில் உள்ள அம்சத்தால் விளைந்தவை என்று காட்ட வேண்டும். கைபேசிக் கதிர்வீச்சுக் கவசம் என்று விற்றவர்கள் மீது, பொய்யான கூற்றுகளுக்காக அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையம் 2002-இல் நடவடிக்கை எடுத்தது. அச்சத்தைத் தூண்டும் விளம்பரத்தால் வந்த விற்பனை, கண்டுபிடிப்பின் தகுதிக்குச் சான்றாகாது.

இந்தியாவில், சென்னை கிண்டியில் உள்ள அலுவலகத்தில் விண்ணப்பிப்பவர் 1970-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 2(1)(ஜேஏ) பிரிவைப் பார்க்க வேண்டும். தொழில்நுட்ப முன்னேற்றமோ பொருளாதார முக்கியத்துவமோ இருப்பதோடு, துறை வல்லுநருக்கு எளிதில் தோன்றாததாகவும் இருக்க வேண்டும் என்கிறது அது. கவசக் கருவிக்கு 3(எஃப்) பிரிவு இன்னும் நேரடியான தடை: தெரிந்த கருவிகள் தனித்தனியே தெரிந்த முறையில் இயங்குமாறு வெறுமனே அடுக்கி வைப்பது கண்டுபிடிப்பே அன்று. ஆன்டெனாவும் கவசமும் ஒன்றின் இயக்கத்தை மற்றொன்று மாற்றுகின்றன என்று விவரக்குறிப்பில் விளக்குவது இங்கே இருமடங்கு பயன் தரும்.

இவ்வளவும் பார்த்த பின், கோரலின் ஒவ்வோர் உறுப்புக்கும் எதிரே அது இடம்பெறும் ஆவணத்தையும் பக்கத்தையும் குறித்து வையுங்கள். எதிரே எதுவும் இல்லாத உறுப்பு ஒன்று எஞ்சி, அதைச் சேர்க்க எவருக்கும் காரணம் இருந்திராது என்று உங்களால் ஒரு பத்தியில் விளக்க முடிந்தால், அந்தக் குறிப்போடு காப்புரிமை வழக்கறிஞரை அணுகலாம். எஞ்சவில்லை என்றால் கோரலைக் குறுக்குங்கள், அல்லது வடிவமைப்பை மேலும் வளர்த்த பின் வாருங்கள். தற்காலிக விண்ணப்பம் ஒன்றைச் செய்து 12 மாத அவகாசம் பெறுவதாக இருந்தால், பிளவின் அளவுகளையும் அளவீட்டு முடிவுகளையும் அதிலேயே சேர்த்துவிடுங்கள். அதில் விளக்கப்படாத எந்த அம்சத்துக்கும் அந்தத் தற்காலிக விண்ணப்பத்தின் முந்தைய நாள் கிடைக்காது.