போர் நிருபர் சர்ச்சில்: எழுதுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வின்ஸ்டன் சர்ச்சில் பட்டாளத்தில் இருந்தார், அதை விட்டுப் போர் நிருபரானார் என்று ஒரே வரியில் முடித்துவிடுவதுதான் முதல் தவறு. 1895-இல் குதிரைப்படையில் அதிகாரியானவர், அதே ஆண்டின் கடைசியிலேயே விடுப்பில் கியூபா போய் ஒரு பத்திரிகைக்குச் செய்தி எழுதினார். 1897-இல் பிரிட்டிஷ் இந்தியாவின் வடமேற்கு எல்லையிலிருந்த மாலகண்டுக்கு நிருபராகப் போன இடத்தில், அதிகாரிகள் குறைந்துபோனதால் பஞ்சாப் காலாட்படையில் சேர்த்துக்கொள்ளப்பட்டார். மறு ஆண்டு சூடானில், ஓம்டுர்மன் போரில் குதிரையில் பாய்ந்தவரும் அவரே. நண்பருக்கு எழுதும் கடிதம் போன்ற பாவனையில் அதை லண்டன் நாளிதழ் ‘மார்னிங் போஸ்ட்’டுக்கு எழுதியவரும் அவரே. எனவே ஒவ்வொரு போரிலும் அவர் எந்தப் பொறுப்பில் இருந்தார், பணம் யார் கொடுத்தார்கள் என்று தனித்தனியாகப் பாருங்கள்.

அதிகம் சறுக்குவது கவச ரயில் விஷயத்தில். 1899 நவம்பர் 15 அன்று தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில், அவர் போன பிரிட்டிஷ் கவச ரயில் தாக்கப்பட்டு, போயர்களிடம் (பிரிட்டனோடு போரிட்ட, அங்கே குடியேறிய டச்சு வம்சாவளியினர்) பிடிபட்டபோது அவர் ராணுவத்திலேயே இல்லை. மாதம் 250 பவுண்டு சம்பளம் வாங்கும் நிருபர். சரி, அப்பாவி நிருபர் என்று எழுதிவிடலாமா? அதுவும் தவறு. தடம்புரண்ட பெட்டிகளை இஞ்சினால் இடித்துத் தள்ளி வழி திறக்கும் வேலையை, குண்டு பறக்கும் நடுவில் நின்று நடத்தியவர் அவர். மாசர் கைத்துப்பாக்கி ஒன்றும் கொண்டுவந்திருந்தார். பிடிபட்ட நேரத்தில் அது இஞ்சினில் கிடந்தது, அவ்வளவுதான். பிறகு நிருபர் என்று சொல்லி விடுதலை கேட்டார், போயர்கள் மறுத்தார்கள். என்னைக் கேட்டால், அவர்கள் பக்கமும் நியாயம் இருந்தது. போர் நிருபர்களுக்குப் பாதுகாப்பு தரும் 1949, 1977 ஜெனீவா விதிகளை இங்கே இழுக்காதீர்கள். அவை பின்னால் வந்தவை.

போயர்களின் பிரிட்டோரியா சிறையிலிருந்து தப்பிய கதைக்கு அவர் சொன்னதை மட்டுமே நம்புவதும் ஆபத்து. கூடவே தப்பத் திட்டமிட்ட கேப்டன் ஹால்டேன், தன்னை விட்டுவிட்டுப் போனதாகக் கடைசிவரை குறைப்பட்டார். தன்னைப் பிடித்தது போயர் தளபதி லூயி போத்தா என்று சர்ச்சில் சொன்னதையும் வரலாற்றாசிரியர்கள் பலர் ஏற்பதில்லை.

அப்புறம், பலரும் தாண்டிப்போகும் ஒரு விவரம். பணியில் உள்ள அதிகாரி நிருபராக எழுதக் கூடாது என்று சூடானுக்குப் பின் தடை வந்திருந்தது. அதற்கு இவரும் ஒரு காரணம். இருந்தும் தப்பி வந்தவருக்குப் பிரிட்டிஷ் தளபதி புல்லர், சம்பளமில்லாத லெப்டினன்ட் பதவி கொடுத்தார். பத்திரிகை வேலையும் தொடர்ந்தது. இதைச் சொல்லாமல் விட்டால், 1900 ஜனவரியில் அதே போரின்போது நேட்டாலின் ஸ்பியோன் கோப் மலையில் தகவல் சுமந்து ஏறியது அதிகாரியா நிருபரா என்று வாசகர் குழம்பிப்போவார்.