தாயக்கட்டையை வைத்து ஒரு ரோல் பிளேயிங் ஆட்டத்துக்கு விதி எழுதுவது எப்படி?

ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்றுக்கொண்டு, ஒருவர் கதையை நடத்த, மற்றவர்கள் தங்கள் பாத்திரம் செய்வதைச் சொல்லிக் கட்டை உருட்டும் ரோல் பிளேயிங் ஆட்டங்களில், 1974-இல் அமெரிக்காவில் வெளிவந்த டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் காலத்திலிருந்தே ஒரு சிக்கல் தொடர்ந்து வருகிறது. விதி குறைந்தால் எல்லாமே நடத்துபவரின் இஷ்டமாகிவிடுகிறது. விதி பெருகினால் ஆட்டத்தை விட்டுவிட்டுப் புத்தகத்தைப் புரட்டுவதே வேலையாகிவிடுகிறது. பாம்பன், மண்டபம் பக்கத்து மீனவர் வாழ்க்கையை வைத்து நீங்கள் ஓர் ஆட்டம் உருவாக்கப்போவதாக வைத்துக்கொண்டு, இந்த இரண்டுக்கும் இடையே விதி எழுதும் முறையை இங்கே விளக்குகிறேன்.

முதலில் முடிவு செய்ய வேண்டியது, ஆடுபவர்கள் எதைப் பற்றிக் கவலைப்பட வேண்டும் என்பதைத்தான். இவ்வகை ஆட்டங்கள் பொம்மைப் படைகளை நகர்த்தி ஆடும் போர் விளையாட்டுகளிலிருந்து பிறந்தவை என்பதால், புதிதாக எழுதுபவர்களும் பழக்கத்தில் பத்துப் பக்கம் சண்டை விதி எழுதிவிட்டு, மற்றவற்றுக்கு அரைப் பக்கம் ஒதுக்குகிறார்கள். நம் ஆட்டத்தில் கைகலப்புக்கு ஒரு வரி போதும். காற்று, மீன்பாடு (வலையில் கிடைக்கும் மீன்), கடன் ஆகிய மூன்றுக்கும்தான் இடம் வேண்டும்.

அடுத்தது கட்டை. கடைகளில் எளிதில் கிடைக்காத இருபது பக்கப் பகடையைத் தேடி அலைய வேண்டியதில்லை. வீட்டில் இருக்கும் பித்தளைத் தாயக்கட்டை இரண்டும் நல்ல கருவிகளே. ஒவ்வொரு கட்டையிலும் வெறுமை, ஒன்று, இரண்டு, மூன்று என நான்கு முகங்கள் இருப்பதால், இரண்டையும் சேர்த்து உருட்டினால் மொத்தம் 16 விதமாக விழலாம். அதில் மூன்று நான்கு முறையும், இரண்டும் நான்கும் தலா மூன்று முறையும், தாயம் எனப்படும் ஒன்றும் ஐந்தும் தலா இரண்டு முறையும், ஆறும் இரண்டு வெறுமை சேர்ந்த பன்னிரண்டும் தலா ஒரு முறையும் வரும். நடுவில் உள்ள எண்களே அதிகம் விழுவதால், ஆட்டக்காரருக்குத் தம் பாத்திரத்தின் திறமையை ஓரளவு நம்ப முடியும். (சோழியும் தேய்த்த புளியங்கொட்டையும் இரண்டு பக்கமும் சமமாக விழும் என்பதற்கு உத்தரவாதமில்லை, கணக்குப் பார்த்து விதி எழுத அவை உதவாது.)

எல்லாச் செயலுக்கும் ஒரே வழிமுறையை வையுங்கள். விழுந்த எண்ணோடு பாத்திரத்தின் திறமை எண்ணைக் கூட்டி, ஐந்தும் அதற்கு மேலும் வந்தால் நினைத்தது நடக்கும். மூன்றோ நான்கோ வந்தால் நடக்கும், ஆனால் ஒரு விலை கொடுக்க வேண்டும். அதற்குக் கீழே போனால் நடக்காது. பன்னிரண்டு விழுந்தால் நினைத்ததற்கு மேலாக ஒரு நன்மையையும் ஆட்டக்காரரே சொல்லிச் சேர்க்கலாம். திறமையில்லாதவருக்கு 16-இல் 4 முழு வெற்றி, 7 விலையோடு வெற்றி, 5 தோல்வி. திறமை 1 என்றால் இது 7, 7, 2 என்று மாறுகிறது; திறமை 2 என்றால் 11, 5, பூஜ்யம். அதாவது திறமை இரண்டிலேயே தோல்வி மறைந்துவிடுகிறது. ஆகவே 2-க்கு மேல் திறமையே கிடையாது என்று விதித் தாளில் எழுதிவிடுங்கள். கட்டை சிறியதாக இருக்கும்போது கூட்டல்கள் இப்படித்தான் ஆட்டத்தை விழுங்கும். நல்ல வலைக்கு ஒன்று, நல்ல எஞ்சினுக்கு ஒன்று, அனுபவத்துக்கு ஒன்று என்று சேர்த்துக்கொண்டே போனால் கட்டையை உருட்டுவதே வெறும் சடங்காகிவிடும்.

சாதகமான சூழ்நிலைக்கு எண்ணைக் கூட்டாமல், கட்டையை இரண்டு முறை உருட்டி நல்லதை எடுக்கச் சொல்லுங்கள். டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸின் 2014-ஆம் ஆண்டுப் பதிப்பு, சின்னச் சின்னக் கூட்டல் கழித்தல்கள் பலவற்றைத் தூக்கிவிட்டு இதே வழியைத்தான் கைக்கொண்டது. திறமையில்லாதவருக்கு முழு வெற்றி நான்கில் ஒன்றிலிருந்து 16-இல் 7 ஆகவும், தோல்வி 31 சதவீதத்திலிருந்து சுமார் 10 சதவீதமாகவும் மாறும். ஏறக்குறைய ஒரு புள்ளித் திறமைக்கு ஈடான இந்தப் பலனை, யாரும் எதையும் மனத்தில் கூட்டாமலே பெற்றுவிடலாம்.

இந்த ஒரே வழிமுறைக்குள் நெகிழ்வை எங்கே வைப்பது? பாத்திரத்தின் விவரத்தில் வையுங்கள். ‘நீச்சல் 2, படகோட்டல் 1’ என்று திறமைப் பட்டியல் போடாமல், ஒவ்வொரு பாத்திரத்துக்கும் மூன்று சொற்றொடர் எழுதச் சொல்லுங்கள். தண்டேலாக (படகை ஓட்டிச் செல்லும் தலைவராக) ஆடுபவரின் தாளில் ‘பாம்பன் நீரோட்டம் அத்துப்படி, 1’ என்று இருப்பதாகக் கொள்வோம். பாலத்துக்கு அருகில் எஞ்சின் நின்றுவிடுகிறது. நீரோட்டம் வள்ளத்தைத் தூண்கள் பக்கம் இழுக்கிறது. நங்கூரம் போடாமல் பாயைத் தூக்கித் திருப்பப்போவதாக அவர் சொல்கிறார். பாய் விதி என்று எதுவும் நாம் எழுதவில்லை, ஆனாலும் அந்தச் சொற்றொடர் இங்கே பொருந்துகிறது. கட்டையை உருட்டும் முன்பே நடத்துபவர் விலையைச் சொல்லிவிட வேண்டும்: “தப்பித்தாலும் வலையை அறுத்து விட வேண்டியிருக்கும்.” ஒரு கட்டையில் ஒன்று, மற்றதில் இரண்டு, திறமை ஒன்று, மொத்தம் நான்கு. வள்ளம் தப்பியது, வலை போயிற்று. விலையை முன்கூட்டியே சொல்லும் இந்த ஒரு கட்டுப்பாடு, நடத்துபவரின் இஷ்டத்துக்கு எல்லை போடுகிறது. பத்து விதி எழுதினாலும் அந்த வேலையைச் செய்யாது என்பது என் கருத்து.

இனி மீன்பாடு. இங்கேதான் கனமான விதி தேவை. கிடைத்த மீனைப் பிரிக்கும் பங்குக் கணக்கு உண்மையில் ஊருக்கு ஊர், தொழிலுக்குத் தொழில் வேறுபடும். அத்தனையையும் ஆட்டத்துக்குள் கொண்டுவராமல், முழு வெற்றிக்கு நான்கு கூடை, விலையோடு வெற்றிக்கு இரண்டு கூடை, தோல்விக்கு ஒன்றுமில்லை என்று வைத்துக்கொள்ளலாம். டீசலுக்கும் ஐஸுக்கும் இரண்டு கூடை போய்விடும். மிஞ்சும் இரண்டில் ஒன்று படகுக்கு, ஒன்று ஆட்களுக்கு. செலவுக்கே போதவில்லை என்றால் வியாபாரியிடம் முன்பணம் வாங்கித் தாளில் ஒரு கடன் குறி போட வேண்டும். குறி இருக்கும்வரை ஒவ்வொரு மீன்பாட்டிலும் முதல் கூடை வியாபாரிக்குப் போகும்; அதைத் தவிர இன்னொரு கூடையையும் அவரிடம் கொடுத்தால் ஒரு குறி அழியும்.

இப்போது கணக்கைப் பாருங்கள். கடன் உள்ள படகுக்கு நான்கு கூடை கிடைத்தாலும், வியாபாரிக்கும் செலவுக்கும் போக மிஞ்சுவது ஒன்றுதான். அந்த ஒரு கூடை சம்மாட்டிக்கா (படகு உரிமையாளருக்கா), ஆட்களுக்கா, கடனை அழிக்கவா? இதற்கு விதி எழுதாதீர்கள், கட்டையும் உருட்டாதீர்கள். ஆட்டக்காரர்களை இந்த இடத்துக்குக் கொண்டுவந்து நிறுத்துவதோடு விதியின் வேலை முடிந்தது. மீதியை அவர்கள் பேசித் தீர்க்கட்டும். சம்மாட்டியாக ஆடுபவர் படகின் பழுதைக் காட்டுவார். வலை இழுப்பவராக ஆடுபவர் வீட்டு அடுப்பைச் சொல்வார். இந்த வாக்குவாதம்தான் உங்கள் ஆட்டம்.

காற்றுக்கும் பருவத்துக்கும் மூன்று வரி போதும். வாடைக் காலத்தில், அதாவது வடகிழக்குக் காற்று வீசும்போது, வடகடலில் (பாக் நீரிணைப் பக்கம்) போனால் இரண்டு முறை உருட்டி மோசமானதை எடுக்க வேண்டும். கச்சான் எனும் தென்மேற்குக் காற்றுக் காலத்தில் தென்கடலுக்கு (மன்னார் வளைகுடாப் பக்கம்) அதே விதி. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகு கடலுக்குப் போகாது. விசைப்படகுக்கு வாரத்தில் மூன்று நாள், நாட்டுப்படகுக்கு நான்கு நாள் என்ற பாக் நீரிணை வழக்கத்தை, ஆட்டத்தில் வாரத்தைப் பிரிக்கும் முறையாக அப்படியே எடுத்துக்கொள்ளலாம். தங்கச்சிமடத்துக்காரர்களுக்கு இவற்றை விளக்க வேண்டியதே இல்லை. மதுரையில் ஆடுபவர்களுக்குத் தாளின் ஓரத்தில் எழுதிக் கொடுங்கள்.

ஆடத் தொடங்கியபின், நடத்துபவர் அந்தந்த நேரத்தில் சொல்லும் தீர்ப்புகளை ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். ஒருமுறை மட்டும் வந்த சிக்கலை அப்படியே விட்டுவிடலாம். அதே கேள்வி மறுபடி மறுபடி வந்து, ஒவ்வொரு முறையும் வேறுவேறு தீர்ப்பு சொல்லப்பட்டிருந்தால், அதற்கு விதி எழுதுங்கள். ஆனால் எல்லாம் ஒரே தாளில் அடங்க வேண்டும் என்பதால், யாரும் தொடாத ஒரு விதியை அடித்துவிட்டுத்தான் புதியதைச் சேர்க்க வேண்டும். பிறகு அந்தத் தாளை, உங்களோடு ஆடாத ஒரு குழுவிடம், கீழக்கரையிலோ தொண்டியிலோ, கொடுத்துவிட்டுப் பேசாமல் ஓரமாக உட்காருங்கள். அவர்கள் தாளைப் பார்க்க எங்கே ஆட்டத்தை நிறுத்துகிறார்கள் என்று மட்டும் குறித்துக்கொண்டு, அந்த வரிகளைத் திருத்துங்கள்.