சைக்ஸ் என்ற ஆங்கிலக் குடும்பப் பெயர்: வேரைத் தேடுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இங்கிலாந்தின் மேற்கு யார்க்‌ஷயரில், ஹடர்ஸ்ஃபீல்டைச் சுற்றியுள்ள பள்ளத்தாக்குகளில் சைக்ஸ் என்ற குடும்பப் பெயர் அடர்ந்து காணப்படுகிறது. சிற்றோடையை அந்த வட்டாரத்தில் 'சைக்' என்பார்கள். ஓடையை ஒட்டிக் குடியிருந்தவருக்கு அது அடைமொழியானது. பிறகு பிள்ளைகளுக்கும் ஒட்டிக்கொண்டது. பொருள் இவ்வளவு சுலபமாகக் கிடைத்துவிடுவதால், வம்சத்தின் ஊரும் கிடைத்துவிட்டதாகப் பலர் நினைத்துவிடுகிறார்கள். வட இங்கிலாந்தில் ஓடை இல்லாத ஊர் ஏது? எந்த ஓடை என்பதைப் பழைய பதிவேடுதான் சொல்ல முடியும்.

அடுத்த தவறு, மேலிருந்து தொடங்குவது. மத்திய கிழக்கைப் பங்குபோட பிரிட்டனும் பிரான்ஸும் செய்துகொண்ட 1916-ன் சைக்ஸ்–பிகோ ஒப்பந்தத்தில் வரும் மார்க் சைக்ஸ், கிழக்கு யார்க்‌ஷயரின் ஸ்லெட்மியர் பண்ணையைச் சேர்ந்தவர். அவர் வம்சத்தோடு தம்மை இணைத்துக்கொள்ளும் ஆசையில் இடையிலுள்ள தலைமுறைகளை ஊகத்தால் நிரப்புகிறார்கள். 'சைக்ஸ் குடும்பச் சின்னம்' என்று கடைகளில் விற்கும் கேடயத்தையும் நம்ப வேண்டாம். இங்கிலாந்தில் சின்னம் ஒரு தனிமனிதருக்கும் அவருடைய ஆண்வழி வாரிசுகளுக்கும் வழங்கப்படுவது. குடும்பப் பெயருக்கு அல்ல.

இன்றிலிருந்து பின்னோக்கிப் போவதுதான் சரியான வழி. 1837 ஜூலை 1 முதல் பிறப்பு, இறப்பு, திருமணம் மூன்றுக்கும் அரசுப் பதிவு உண்டு. மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 1851-ஐ முதலில் பாருங்கள். பிறந்த ஊரும் குடும்பத் தலைவருக்கு என்ன உறவு என்பதும் அதில் இருக்கும். 1841-ல் இரண்டும் கிடையாது. பதினைந்து வயதைத் தாண்டியவர்களின் வயதை ஐந்தின் மடங்குக்குக் குறைத்தும் எழுதச் சொல்லியிருந்தார்கள். 44 வயதுக்காரர் 40 என்று இருப்பார். அதை அப்படியே நம்பிப் பிறந்த ஆண்டைக் கணக்கிட்டால் தேடல் முழுவதும் நான்கு ஆண்டு தள்ளிப் போய்விடும்.

இவை எல்லாவற்றையும் விட அதிகமான வம்சாவளிகளைக் கெடுப்பது, ஒரே பெயர் என்றால் ஒரே ஆள் என்று எடுத்துக்கொள்வது. ஒரு பள்ளத்தாக்கில் ஒரே காலத்தில் பல ஜான் சைக்ஸ்கள் இருப்பார்கள். எல்லோரும் கம்பளித் துணி நெய்பவர்களாகவே இருப்பார்கள். பொருத்தமான ஞானஸ்நானப் பதிவு ஒன்று கிடைத்ததும் தேடலை நிறுத்திவிடாதீர்கள். பத்து மைல் சுற்றளவில் அந்த ஐந்தாறு ஆண்டுகளில் ஞானஸ்நானம் பெற்ற ஜான்கள் அனைவரையும் எழுதிக்கொள்ளுங்கள். பிறகு ஒவ்வொருவருக்கும் அடக்கப் பதிவையும் திருமணப் பதிவையும் தேடுங்கள். இரண்டு வயதில் இறந்த குழந்தையைக் கொள்ளுத்தாத்தாவாக்கி வைத்திருக்கும் வம்சாவளிகள் ஏராளம். 1813 முதல் அச்சிட்ட ஞானஸ்நானப் படிவத்தில் தந்தையின் தொழிலும் குடியிருப்பும் பதிவாகின்றன. ஆட்களைப் பிரித்தறிய உதவுவது பெரும்பாலும் அந்தக் குடியிருப்புப் பெயர்தான். ஞானஸ்நானமே கிடைக்கவில்லையா? குடும்பம் பாப்டிஸ்ட் சபையைச் சேர்ந்ததா என்று பாருங்கள். அவர்கள் குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுப்பதில்லை.

தேதியிலும் ஒரு பொறி இருக்கிறது. 1752-க்கு முன் இங்கிலாந்தில் சட்டப்படி ஆண்டு பிறந்தது மார்ச் 25-ல். 1723 ஜூனில் திருமணம், 1723 பிப்ரவரியில் முதல் குழந்தைக்கு ஞானஸ்நானம் என்று பதிவேட்டில் இருந்தால், குழந்தை முதலில் வந்தது என்று அர்த்தமில்லை. அந்தப் பிப்ரவரி நம் கணக்கில் 1724. திருமணமாகி எட்டு மாதம் ஆகியிருக்கிறது. குறிப்பெடுக்கும்போது 1723/4 என்று இரண்டையும் எழுதுங்கள்.

எல்லைகளும் ஏமாற்றும். சாடில்வொர்த் இன்று கிரேட்டர் மான்செஸ்டரில் இருக்கிறது. 1974 வரை யார்க்‌ஷயரில் இருந்தது. ஆனால் திருச்சபைக் கணக்கில் அது லங்காஷயரின் ராச்டேல் பாரிஷுக்கு, அதாவது தேவாலயப் பங்குக்கு, உட்பட்ட பகுதி. யார்க்‌ஷயர் பதிவேடுகளோடு நிறுத்திக்கொண்டவர்களுக்கு அங்கே ஒரு தலைமுறையே காணாமல் போகலாம். தேடும்போது எழுத்துக்கூட்டலையும் தளர்த்துங்கள்: ஒய் வரும் இடத்தில் ஐ வரலாம், கடைசி எஸ் இல்லாமலும் இருக்கலாம்.

பாரிஷ் பதிவேடுகள் 1538-ல் தொடங்குகின்றன. தொடக்க ஆண்டுகளின் ஏடுகள் பல ஊர்களில் இன்று இல்லை. அதற்கு முன் பெரிய அளவில் பெயர்கள் கிடைப்பது 1379 தலைவரிப் பட்டியலில், அதாவது ஆள் கணக்கில் விதித்த வரியின் பட்டியலில். அதில் ஊர்ப் பெயரோடு ஒரு சைக்ஸைக் கண்டதும் 'இவர்தான் எங்கள் மூதாதை' என்று கோடு போட்டுவிடுகிறார்கள். நடுவில் 159 ஆண்டுகள் கிடக்கின்றன! மேலும் அந்தக் காலத்தில் பல அடைமொழிகள் நம் இனிஷியல் போலத் தலைமுறைக்குத் தலைமுறை மாறியவை. அந்த இடைவெளியைக் கடக்க உயில்களும், நிலப்பிரபுவின் பண்ணை நீதிமன்றம் எழுதி வைத்த சுருள்களும் வேண்டும். வேக்ஃபீல்ட் பண்ணையின் சுருள்கள் 1274 முதல் இருக்கின்றன. தந்தையின் நிலம் மகனுக்குக் கைமாறியது அவற்றில் பதிவாகியிருக்கும்.

பரவலைப் பார்க்க எல்லோரும் 1881 கணக்கெடுப்பின் வரைபடத்தை எடுப்பார்கள். அது ஆலைகள் வந்து, ஆட்கள் நகரங்களுக்குக் குடிபெயர்ந்த பிறகு எடுத்த படம். அடர்த்தியான இடமே பிறந்த இடம் என்று முடிவு கட்டாமல், 1379 தலைவரி, 1672 அடுப்பு வரி (வீட்டு அடுப்புகளின் எண்ணிக்கைப்படி விதித்தது), 1881 கணக்கெடுப்பு மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

கடைசியாக மரபணு. மரபணு ஆய்வாளர்கள் பிரையன் சைக்ஸும் கேத்தரின் இர்வனும் 2000-ல் வெளியிட்ட ஆய்வில், சைக்ஸ் பெயர் கொண்ட 48 ஆண்களில் 21 பேருக்கு, ஆண்வழியில் இறங்கும் ஒய் குரோமோசோம் ஒரே வகையாக இருந்தது. ஓடைகள் பல என்பதால் மூலவர்களும் பலராக இருப்பார்கள் என்ற எதிர்பார்ப்பை அது அசைத்தது. ஆனால் அதிலிருந்து 'எல்லா சைக்ஸும் ஒரே ரத்தம்' என்று சொல்ல முடியாது. பாதிக்கும் மேற்பட்டோர் பொருந்தவில்லையே. பொருந்தாததற்கு மணவுறவுக்கு வெளியே பிறந்த குழந்தை மட்டுமே காரணம் அல்ல. தத்து, சொத்துக்காகத் தாய்வழிப் பெயரை ஏற்பது, தனியாகத் தோன்றிய வேறொரு சைக்ஸ் கிளை என்று பல வழிகள் உண்டு. அந்த ஆய்வு ஒய் குரோமோசோமில் நான்கு குறியீடுகளை, அதாவது ஒப்பிட்டுப் பார்க்கும் இடங்களை, மட்டுமே பார்த்தது. இன்று பரிசோதிப்பவர்கள் 37-க்குக் குறையாமல் எடுக்க வேண்டும். ஒய் குரோமோசோம் தந்தையிடமிருந்து மகனுக்கே போகும் என்பதால், பெண்கள் தங்கள் அப்பாவையோ, உடன்பிறந்த சகோதரரையோ, சித்தப்பா பெரியப்பா மகனையோ பரிசோதிக்கச் சொல்ல வேண்டும். ஒருவரின் முடிவை மட்டும் நம்பாமல், அதே வம்சாவளியில் தூரத்துப் பங்காளி ஒருவரையும் பரிசோதித்தால், பொருத்தம் எந்தத் தலைமுறையில் அறுந்தது என்பதைக் குறுக்கிக்கொண்டே வரலாம்.