காட்பாடி வீட்டுக் கூடத்தில் மொசார்ட் கச்சேரி வைப்பது எப்படி

முதலில் மைக்கை மறந்துவிடுங்கள். ஒரு அறைக்குள் நாலைந்து பேர் வாசிக்க, பக்கத்தில் உட்கார்ந்து கேட்பதற்கென்றே ஐரோப்பிய இசையமைப்பாளர் மொசார்ட் எழுதிய இசை இது. ஸ்பீக்கர் வைத்தே தீருவேன் என்பவர் கல்யாண மண்டபம் பிடித்து வேறு கச்சேரி வைக்கட்டும்.

முப்பது பேர் உட்காரும் கூடம் போதும். எங்கள் காந்தி நகர் பக்கத்து வீடுகளில் மொசைக் தரை, வெறும் சுவர். வயலின் எடுத்தால் தகரக் கொட்டகைக்குள் வாசிப்பதுபோல் எதிரொலிக்கும். ஜமுக்காளம் விரித்து, ஜன்னலுக்குக் கனமான திரை போடுங்கள். ஆட்கள் வந்து உட்கார்ந்ததும் மீதியும் அடங்கிவிடும். டிசம்பர், ஜனவரி மாலைதான் சரி. வேலூர் வெயிலில் ஃபேன் இல்லாமல் யாரும் உட்காரமாட்டார்கள், ஃபேன் போட்டால் நோட்டுத் தாள் பறக்கும். எதற்கும் துணி கிளிப் நாலு கைவசம் இருக்கட்டும்.

யார் வாசிக்கப் போகிறார்கள் என்று பார்த்துவிட்டு அப்புறம் உருப்படிகளை முடிவு செய்யுங்கள். சர்ச்சில் வயலின் வாசிப்பவர்கள் கிடைப்பார்கள். வயலினைவிடப் பெரிய வயோலா, செல்லோ வாசிப்பவர்கள் கிடைப்பது குதிரைக் கொம்பு. அதனால் நான் சொல்வது மொசார்ட்டின் ஈ மைனர் வயலின் சொனாட்டா (வயலினும் பியானோவும் சேர்ந்து வாசிப்பது), அவர் படைப்புப் பட்டியலில் கே. 304. இரண்டே பகுதிகள். 1778இல் பாரிஸில் அவருடைய அம்மா இறந்த காலத்தை ஒட்டியது. இரண்டாம் பகுதியின் நடுவில் சோகமான ஈ மைனரிலிருந்து வெளிச்சமான ஈ மேஜருக்கு மாறும் இடத்தை அவசரப்படாமல் வாசிக்கச் சொல்லுங்கள், அந்த இடத்துக்காகவே இதை வைக்கலாம். பியானோ இல்லையென்றால் கனமான கட்டைகள் உள்ள 88 கட்டை கீபோர்டு. அதன் சொந்த ஸ்பீக்கர் போதும், வயலினை அமுக்காத அளவுக்கு வையுங்கள்.

அடுத்து மொசார்ட்டின் ‘தஸ் ஃபைல்கன்’ (வயலெட் பூ) பாட்டு, 1785. ஜெர்மன் கவிஞர் கதேயின் கவிதை. ஆடு மேய்க்கும் பெண் தன்னைப் பறித்துச் சூடமாட்டாளா என்று ஏங்கும் சின்னப் பூவை, அவள் கவனிக்காமல் மிதித்துவிடுகிறாள். பாடுவதற்கு முன் தமிழில் இதைச் சொல்லிவிட்டால் மூன்று நிமிடப் பாட்டு எல்லோருக்கும் புரியும்.

நடுவில் கைதட்டினால் முறைக்காதீர்கள். அதே 1778இல் பாரிஸில் தன் சிம்பொனியின் (முழு வாத்தியக் குழுவுக்கான படைப்பு) முதல் பகுதிக்கு நடுவிலேயே சபை தட்டியதை மொசார்ட் அப்பாவுக்குச் சந்தோஷமாக எழுதினார்.

கடைசியில் முத்துசுவாமி தீட்சிதரின் நோட்டுஸ்வரம் (மேற்கத்திய மெட்டில் அமைந்த சமஸ்கிருதப் பாட்டு) ஒன்று, ‘சந்ததம் பாஹிமாம்’. மெட்டு இங்கிலாந்தின் தேசிய கீதம் என்பதைக் கண்டுபிடித்துச் சிரிப்பவர் நிச்சயம் ஒருவர் இருப்பார்.

சுண்டல் எல்லாம் முடிந்த பிறகுதான். இடைவேளையில் முறுக்கு கொடுத்தால் பிற்பாதி முழுக்க கடிக்கிற சத்தம்தான் கேட்கும்.