முதல் வேட்டைக்கு இடம் பார்ப்பது எப்படி? (துப்பாக்கி வேண்டாம்)

கரடி வேட்டைக்கு எங்கே போகலாம் என்று ஒரு தம்பி கேட்டார். எங்கேயும் போக முடியாது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் கரடி முதல் அட்டவணையில் இருக்கிறது. கை வைத்தால் கம்பிதான் எண்ண வேண்டும். ஆனால் வேட்டைக்காரர்கள் இடம் பார்க்கிற வித்தை நல்ல வித்தை. அதை வைத்து வல்லூறு, கழுகு பார்க்கப் போகலாம்.

மதுரைக்காரர்களுக்கு அரிட்டாபட்டி போதும். மேலூர் வட்டம். 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தார்கள். லகர் வல்லூறு, ஷாகீன் வல்லூறு, ராசாளிக் கழுகு மூன்றும் அங்கே உண்டு.

1. தண்ணீரைப் பாருங்கள். ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு கண்மாய் நிறைந்திருக்கும். வயலில் எலி, கரையில் புறா. சாப்பாடு இருக்கிற இடத்துக்குத்தான் வேட்டைப் பறவை வரும்.

2. ஆடு மேய்க்கிற அண்ணனிடம் கேளுங்கள். “கழுகு எங்கே இருக்கும்?” என்றால் கையை வானத்தைப் பார்த்து நீட்டிவிடுவார். “கோழிக்குஞ்சை எந்தப் பக்கம் தூக்கிட்டுப் போகுது?” என்று கேளுங்கள், பாறையையே காட்டுவார்.

3. பாறையில் வெள்ளைக் கோடு தேடுங்கள். இதுதான் முக்கியம். செங்குத்தான பாறை முகத்தில், ஒரு விளிம்புக்குக் கீழே சுண்ணாம்பு வழிந்த மாதிரி தெரியும். அது எச்சம். வெயிலில் காய்ந்து மங்கியிருந்தால் பழசு; பளிச்சென்று இருந்தால் பறவை அங்கே தினமும் உட்காருகிறது. சில சமயம் கீழே புறா இறகும் கிடக்கும்.

4. உட்கார வேண்டியது பாறை மேலே இல்லை. முதல் தடவை நான் மூச்சு வாங்க உச்சிக்கு ஏறினேன். இருந்த ஒரே வல்லூறும் கிளம்பிப் போய்விட்டது. கண்மாய்க் கரையில், ஒரு மர நிழலில், பாறையிலிருந்து 200 மீட்டராவது தள்ளி, காலை வெயில் முதுகில் விழும்படி உட்காருங்கள். மார்கழியிலிருந்து பங்குனி வரை கூடு கட்டும் காலம், இன்னும் தள்ளியே இருங்கள்.

5. ரெட்டைவால் குருவியை நம்புங்கள். அது திடீரென்று கத்திக்கொண்டு மேலே பாய்ந்தால், துரத்தப்படுவது பெரும்பாலும் பருந்து வகைதான். எட்டு மடங்கு பெரிதாகக் காட்டும் பைனாகுலர் (கடையில் 8x42 என்பார்கள்) இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

பாறை சூடேறி, காற்று மேலே எழும்பும்போது, அதாவது ஒன்பது மணி வாக்கில், வட்டமடிக்க ஆரம்பிப்பார்கள். இறக்கை நுனி விரல் விரித்த மாதிரி இருந்தால் கழுகு, கத்தி மாதிரி கூராக இருந்தால் வல்லூறு. வால் நடுவில் பிளந்திருந்தால் அது நம் ஊர்க் கள்ளப்பருந்து. செம்மண் நிற உடம்பும் வெள்ளைத் தலையுமாக வந்தால் கருடன். பக்கத்தில் நிற்கிறவர் கன்னத்தில் போட்டுக்கொள்வார், நீங்களும் போட்டுக்கொள்ளலாம்.

பதினொரு மணிக்கு மேல் எல்லாம் வெறும் புள்ளியாகிவிடும். அப்புறம் மேலூரில் டீ.